திருகி மாற்றும் ஷாக் அப்சார்பர் யாருக்குத் தேவை? பிராடோ 150-இல் என் நீண்டகால அனுபவம்

"சாமான் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது, அட்ஜஸ்டபிள் ஷாக் போட்டால் சரியாகுமா?" ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் டொயோட்டா பிராடோ வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. சரியாகாது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. தாழ்கிற வண்டிக்கு முதலில் எடைக்கேற்ற ஸ்பிரிங் வாங்குங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் ஷாக்கில் பெரும்பணம் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பிறகு நான் ஏன் போட்டேன்? ஆண்டின் பெரும்பகுதி என் வண்டி நகரத்துக்குள் காலியாக ஓடுகிறது. மழையில்லா மாதங்களில் மாநிலத்தின் வடகோடியிலுள்ள கிம்பர்லி நோக்கிக் கிளம்பும்போது அதே வண்டியில் இரண்டு டாங்கிலும் சேர்த்து 150 லிட்டர் டீசல், தண்ணீர், கூடாரம், ஃபிரிட்ஜ், குடும்பம். காலியாக ஏறக்குறைய 2,300 கிலோ இருக்கும் வண்டி, அனுமதிக்கப்பட்ட 2,990 கிலோவை நெருங்கிவிடும். ஒரே அளவில் இறுக்கி வைத்த ஷாக் இந்த இரண்டு நிலைக்கும் பொருந்தாது. பாரத்துக்கென்று அமைத்தால் காலி வண்டி முதுகை உடைக்கும். காலி வண்டிக்கென்று அமைத்தால் பாரத்தோடு பள்ளத்தில் இறங்கியபின் இரண்டு மூன்று முறை ஆடித்தான் நிற்கும்.

கடைகளில் இதில் மூன்று வகை கிடைக்கிறது. கோனி நிறுவனத்தின் பழைய வகைகளில் ஷாக்கைக் கழற்றி, முழுவதும் அமுக்கி, திருகித்தான் அளவை மாற்ற முடியும். ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு அது போதும். ரான்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் போன்றவற்றில் ஒன்பது நிலை கொண்ட ஒரே குமிழ். வண்டிக்கு அடியில் கையை நீட்டித் திருகினால் முடிந்தது. மூன்றாவது வகையில் கம்ப்ரெஷனுக்கும் ரீபவுண்டுக்கும் தனித்தனித் திருகுகள்: சக்கரம் மேலே ஏறும்போது காட்டும் தடை ஒன்று, கீழே இறங்கும்போது காட்டும் தடை மற்றொன்று. இவ்வகையில் பெயர்பெற்றது ஓல்ட் மேன் எமு பிபி-51. என் வண்டியில் இருப்பது அதே வகையில் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு.

தனித்தனித் திருகுகளின் அருமை கிம்பர்லியின் கிப் ரிவர் சாலையில்தான் விளங்கியது. டெர்பியிலிருந்து கனனாரா பக்கம் போகும் 660 கிலோமீட்டர். 1960-களில் மாடுகளை லாரியில் ஏற்றிச் செல்லப் போட்ட சாலை. இரு முனைகளிலும் கொஞ்ச தூரம் தார் உண்டு. மற்ற இடங்களில் செம்மண்ணும் சரளையும், குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும். வரிகளுக்கு இடையே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு முப்பது அடி வாங்குகிறது!

இங்கே எல்லோருக்கும் தோன்றுவது ஷாக்கை இறுக்க வேண்டும் என்பதுதான். உண்மை நேர்மாறானது. ரீபவுண்ட் இறுக்கமாக இருந்தால், மேட்டில் ஏறிய சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அடுத்தடுத்து இப்படி நடக்கும்போது ஸ்பிரிங் நீளவே முடியாமல், வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பர் ஸ்டாப்பரில் மோதத் தொடங்கும். ஓட்டுகிறவரோ ஷாக் தளர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்குவார். பின்பக்க ரீபவுண்டை இரண்டு மூன்று கிளிக் (திருகின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) தளர்த்தியதும் ஸ்டீயரிங்கில் உணர்ந்த நடுக்கம் குறைந்தது, வளைவுகளில் பின்பக்கம் வழுக்கிப்போவதும் குறைந்தது. அதற்கும் முன்பு டயர் காற்றைக் குறைத்திருக்க வேண்டும். தார்ச்சாலையில் 38 பிஎஸ்ஐ வைத்திருந்தால் இங்கே 28 போதும். காற்றைக் குறைக்காமல் திருகைத் தொடுவது வீண்.

வெப்பத்தையும் சொல்லியாக வேண்டும். ஷாக் விழுங்கும் ஆட்டமெல்லாம் உள்ளே இருக்கும் ஆயிலில் சூடாகத்தான் சேர்கிறது. சூடான ஆயில் இளகும். இளகினால் அடக்கும் சக்தி குறையும். அதனால் காலையில் கிளம்பும்போது இறுக்கமாகத் தோன்றுவதை நம்பிக் கிளிக்கை மாற்றாதீர்கள். அரைமணி நேரமாவது ஓட்டியபின் பாருங்கள். கிப் ரிவர் சாலையிலிருந்து வடக்கே பிரியும் கலும்புரு சாலையில் ஒரு மணி நேரம் போய் இறங்கினால் பின்ஷாக்கில் கை வைக்க முடியாது. தனியாக ஆயில் கொள்கலன் இருப்பதால் சூடு தாங்குகிறது, ஆனாலும் இடையிடையே நிறுத்தி ஆறவிடுகிறேன். தொடாமலே வெப்பம் காட்டும் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் அளந்து பார்க்கும்போது, ஜோடியில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் மகிழ வேண்டாம். அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

அளவு வைக்கும் முறை எளிது. திருகை முழுவதும் இறுக்கி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணிப் பின்னோக்கி வாருங்கள். இடம் வலம் இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலைத் துண்டில் மறுபடி ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். முன்பக்கத்தை நான் அநேகமாகத் தொடுவதே இல்லை. பாரம் ஏறி இறங்குவது பின்னால்தானே.

குறைகள் உண்டு. திருகுகள் இருக்கும் இடம் சேறும் உப்பும் வந்து படியும் இடம். பெர்த்துக்கு வடக்கே கடலோர லான்சலின் மணலில் விளையாடிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் திருகு இறுகிக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் திருகித் திருப்பி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஷாக்கின் இரு முனைகளிலும் உள்ள புஷ்கள் (ரப்பர் வளையங்கள்), ஷாக் தேய்வதற்கு வெகுமுன்பே தேய்கின்றன. 'டொக் டொக்' என்ற சத்தம் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள். விலையும் சாதாரண ஷாக்கைப்போலப் பல மடங்கு. வண்டியை எப்போதும் ஒரே பாரத்தோடு ஓட்டுகிறவருக்கு அந்தப் பணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் நல்ல சாதாரண ஷாக்கும் அவருக்குப் போதும்.

இன்னொன்று, இவை தூக்கி எறிந்து புதிது வாங்கும் பொருள் அல்ல. ஆயில், சீல்களை மாற்றி, நைட்ரஜன் அடைத்து மறுபடி பயன்படுத்தலாம். அந்த வேலையை எல்லாப் பட்டறையிலும் செய்ய மாட்டார்கள். அனுப்பி வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வண்டி ஓட வேண்டுமென்றால், கழற்றிய பழைய ஷாக்குகளை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள்.