பிரஷ் கட்டர், செயின் சா, கல் கட்டர்: காதுக்கு இயர் பிளக்கா, இயர் மஃப்பா?

கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அறுப்பவர், சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பில் புல் வெட்டும் பிரஷ் கட்டர் ஓட்டுபவர், மேலூரில் கிரைண்டர் வைத்து கிரானைட் விளிம்பு தட்டுபவர் என்று யாராக இருந்தாலும் என் பரிந்துரை இரண்டு காதையும் கிண்ணம்போல் மூடும் இயர் மஃப்தான். காதுத் துளைக்குள் வைக்கும் நுரை இயர் பிளக்கை இரண்டாவதாக வைப்பேன், சில இடங்களில் முதலாவதாகவும் வைப்பேன். அந்த இடங்களைக் கீழே சொல்கிறேன். பஞ்சு உருண்டையையும் காதோடு சேர்த்துக் கட்டும் துண்டையும் இப்போதே கழித்துவிடலாம், அவை சத்தத்தைத் தடுப்பது சொற்பம். புளூடூத் இயர்போன் அதைவிட மோசம். மெஷின் சத்தத்தை மிஞ்சப் பாட்டைக் கூட்டுவோம், இரண்டு சத்தமும் சேர்ந்து உள்ளே போகும்.

கணக்கு இது. 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை பார்க்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு. 88-க்கு 4 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிஷம். பிரஷ் கட்டர் ஓட்டுபவரின் காதருகே ஏறத்தாழ 100, செயின் சாவில் 105-க்கு மேல். சைலன்சர் எப்படி இருக்கிறது, பிளேடா நைலான் கயிறா, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு என்பதைப் பொறுத்து முன்பின் ஆகும். ஆனாலும் ஒரு தோப்பு முடிவதற்குள் அந்த 15 நிமிஷம் பல மடங்கு தாண்டிவிடும் என்பதில் சந்தேகமில்லை.

அட்டையில் என்.ஆர்.ஆர் என்று, எத்தனை டெசிபல் குறைக்கும் எனக் காட்டும் ஓர் எண் இருக்கும். நுரை பிளக்குக்கு 29 முதல் 33 வரை, மஃப்புக்கு 22 முதல் 30 வரை. எண்ணை மட்டும் பார்த்தால் பத்து, இருபது ரூபாய் நுரைதான் ஜெயிக்கிறது. ஆனால் அது சோதனைக்கூடத்தில், சொல்லிக் கொடுத்துப் பொருத்திவிட்டு எடுத்த எண். களத்து நிலவரத்துக்கு மஃப்பின் எண்ணில் கால் பங்கும், நுரையில் பாதியும், ரப்பர் பிளக்கில் 70 சதவீதமும் கழிக்கச் சொல்கிறது நியோஷ். நாம் பேசும் டெசிபலுக்கு மாற்ற அதிலிருந்து இன்னொரு 7 போகும். அப்படிப் பார்த்தால் 27 போட்ட மஃப் தருவது 13 டெசிபல், 29 போட்ட நுரை தருவது ஏழரை. 100 டெசிபல் பிரஷ் கட்டரில் மஃப் போட்டவருக்கு 15 நிமிஷம் 5 மணி நேரமாகிறது. நுரை வைத்தவருக்கு ஒன்றரை மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. நுரையைச் சரியாக வைப்பவருக்கு இதைவிட நிறையவே கிடைக்கும். சரியாக வைப்பவர் குறைவு என்பதால்தான் இவ்வளவு கழிவு.

சரியாக வைப்பது இப்படி: கையைக் கழுவித் துடைத்து, நுரையைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, குச்சியை உள்ளே விட்டு, 30 விநாடி விரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். நேரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நுரை துருத்திக்கொண்டு தெரிந்தால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

இதைத் தோப்புக்குள் நின்று யோசித்துப் பாருங்கள். கையில் 2டி ஆயில், நகக்கண்ணில் புல் சாறு, அல்லது கல் மாவு. டேங்கில் பெட்ரோல் தீர்ந்ததும் பிளக்கை எடுப்பார். தோட்டக்காரர் வந்து ஏதோ கேட்பார், மறுபடி எடுப்பார். அந்தக் கையோடு உருட்டினால் அழுக்கு முழுக்கக் காதுக்குள். காது அரித்துச் சீழ் வைத்தால் அப்புறம் எதையுமே வைக்க முடியாது. ஆகவே மூன்றாவது தடவை பிளக் சட்டைப் பையிலேயே தங்கிவிடுகிறது. மஃப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. அழுக்குக் கையோடு கிண்ணத்தின் வெளிப்புறத்தைப் பிடித்து இறக்கலாம், ஏற்றலாம், இரண்டு விநாடி வேலை.

நான் மஃப்பைச் சொல்லக் காரணமே இந்த ஏற்றி இறக்கும் விஷயம்தான், ஏனென்றால் கழற்றி இருக்கும் நேரம் மொத்தப் பலனையும் தின்றுவிடும். முழுதாக 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானாகவே வைத்துக்கொள்வோம். 4 மணி நேர வேலையில், பக்கத்து ஆளின் மெஷின் ஓடும்போது 15 நிமிஷம் கழற்றி வைத்திருந்தால், அன்றைக்குக் கிடைத்த பாதுகாப்பு 12 டெசிபல்தான். பாதி நேரம் கழற்றி இருந்தால் 3 டெசிபல். 25 எண் உள்ள மஃப்பை வேலை முழுக்கப் போட்டிருப்பவர், 33 எண் நுரையை அவ்வப்போது மறப்பவரைவிட நல்ல நிலையில் இருப்பார். கடையில் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம் என்பது இதனால்தான்.

மஃப்பின் எதிரி நம்மூர் வெயில். சித்திரை, வைகாசியில் காதைச் சுற்றி வியர்வை ஊற்றும், அதை மறுப்பதற்கில்லை. தலையில் உருமாக் கட்டு இருந்தால் சிக்கல் கூடும். துணி ஒரு மடிப்பு மெத்தைக்கு அடியில் போனாலும் அந்த இடுக்கு வழியே சத்தம் நுழையும். கனமான கண்ணாடிக் காம்பும் அப்படியே. துண்டைக் காதுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள், அல்லது பட்டி பின்கழுத்து வழியாகப் போகும் மாடல் வாங்குங்கள். அதில் கிண்ணம் சரியாமல் இருக்க உச்சந்தலை வழியே ஒரு மெல்லிய வார் இருக்கும், அதை இறுக்கிவிட வேண்டும்.

கிண்ணத்தைச் சுற்றியுள்ள மெத்தைதான் முதலில் போகும். வியர்வையும் சூடும் பட்டு அது விறைத்து, பிறகு வெடிக்கும். விரலால் அழுத்தி விட்டால் உடனே பழையபடி எழும்ப வேண்டும். தினசரி உபயோகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதனால் மெத்தையும் உள்நுரையும் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சாயங்காலம் லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உள்நுரையை உருவி நிழலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பெட்ரோல், தின்னர் தொடவே கூடாது. டிராக்டர் சீட்டில் வெயிலில் கிடந்தால் ஆயுள் குறையும். எதிலாவது மாட்டி விரித்து வைத்தால் பட்டியின் பிடிப்பு தளரும். சந்தேகம் வந்தால் மெஷின் ஓடும்போது வேறொருவர் உங்கள் இரண்டு கிண்ணத்தையும் கையால் அழுத்தட்டும். சத்தம் இன்னும் குறைந்தால் எங்கோ கசிகிறது.

நுரை முந்தும் இடங்களும் உண்டு. உட்கார்ந்த இடத்தில் இரண்டு மணி நேரம் எழாமல் கடப்பா கல் அறுப்பவருக்கு அதுவே போதும், காலையில் கையைக் கழுவி ஒருமுறை வைத்தால் முடிந்தது. தோடும் ஜிமிக்கியும் போட்ட பெண்களுக்கு மஃப் காதை அழுத்தி வலிக்கும், அவர்களுக்கும் நுரைதான். நுரையைக் கழுவிக் கழுவிப் போடாதீர்கள், அழுக்கானதும் தூக்கிப்போடுங்கள். கயிறு கோத்த மூன்றடுக்கு ரப்பர் பிளக்கைச் சோப்பு போட்டுக் கழுவலாம், உருட்ட வேண்டியதில்லை. ஆனால் அளவு சேராவிட்டால் பலன் ரொம்பக் குறைவு, மேலே சொன்ன 70 சதவீதக் கழிவு அதனால் வந்தது.

மஞ்சள் ஹெல்மெட், கம்பிவலை முகமூடி, மஃப் மூன்றும் சேர்ந்த மலிவு செட்டுகள் கிடைக்கின்றன. கண்ணுக்கு நல்லது. மஃப்பின் மேலோ அட்டையிலோ என்.ஆர்.ஆர் அல்லது எஸ்.என்.ஆர் எண் அச்சாகவில்லை என்றால் காதுக்காக அதை நம்பாதீர்கள். எஸ்.என்.ஆர் ஐரோப்பியக் கணக்கு, ஒரே மஃப்புக்கு அது பெரும்பாலும் பெரிய எண்ணாக இருக்கும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

செயின் சா தனி. 108 டெசிபலில் 13-ஐக் கழித்தாலும் 95 நிற்கிறது, முக்கால் மணி நேரத்துக்கே காணும். நாள் முழுக்க அறுப்பவர் காலையில் நுரையை வைத்து அதன்மேல் மஃப் போட வேண்டும். இரண்டு எண்ணையும் கூட்டக் கூடாது, பெரிய எண்ணுக்குமேல் ஏறக்குறைய 5 டெசிபல்தான் கூடும். அப்படிப் போட்டவருக்கு மரம் முறியும் சத்தமும் கேட்காது, கத்தினாலும் கேட்காது. பக்கத்தில் ஓர் ஆள் கண்காணித்தே நிற்க வேண்டும். பிரஷ் கட்டர்காரரைப் பின்னாலிருந்து தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டாம், திடுக்கிட்டுத் திரும்பினால் பிளேடும் சேர்ந்து திரும்பும். 15 மீட்டர் தள்ளி, அவர் கண்ணில் படும்படி முன்னால் வந்து நின்று துண்டை வீசுங்கள்.