சங்காயம் 17 கிலோவா, 125 கிலோவா? குரோம் டெவ்டூல்ஸ் நீண்டகாலப் பயன்பாடு

பாம்பன், மண்டபம் மாதிரி இறங்குதளத்தில் ஓடும் ஏலக் கணக்கு ஆப்பில் டேட்டா பெரிதாக ஒன்றும் இருக்காது. படகு எண், டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) நேரம், மீன் வகை, எடை, கிலோ விலை, எடுத்த வியாபாரி. ஆனால் ஒரே படகுக்கு நண்டு, கணவாய், காரல், சங்காயம் (கழிவாகச் சேரும் மலிவான பொடிமீன்) என்று பத்து வரி ஃபோனில் சேர்ந்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாகச் சர்வருக்குப் போகும். அதில் எந்த வரி எந்த இடத்தில் கெட்டது என்று பிடிக்க, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் பிழை தேடும் கருவியான டெவ்டூல்ஸ்தான் கதி. வியூ 3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் எழுதிய இப்படிப்பட்ட ஆப்புக்கு குரோமை அன்றாடம் வைத்துக்கொண்டால் எது கைகொடுக்கிறது, எது ஏமாற்றுகிறது என்று பார்க்கலாம்.

பெரிய ஏமாற்று, மதிப்புகளை டெவ்டூல்ஸின் கன்சோலில் எழுதிக் காட்டும் கன்சோல்.லாக்தான். அனுப்பும் முன் வரிகளை லாக் போட்டால், மூடியிருக்கையில் பத்து உறுப்பு என்று காட்டும். முக்கோணத்தை அழுத்தி விரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, லெங்த் 0. பிழை ஆப்பில் இல்லை. மூடிய வரி லாக் போட்ட நேரத்து நிலை. விரித்தால் தெரிவது விரித்த நேரத்து நிலை. இடையில் அனுப்பி முடித்த கோடு (நிரல்) வரிசையைக் காலி செய்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் சின்ன 'ஐ' குறியில் மவுஸை வைத்தால் இதைத்தான் சொல்லும், ஆனால் யார் பார்க்கிறார்கள்? ஒருமுறை விரித்த பிறகு மதிப்பு மாறினாலும் அந்த வரி புதுப்பிக்காது என்பது இதன் இன்னொரு முகம்.

நகல் எடுத்து லாக் போடுவதுதான் வழி. ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை போட்டு எழுத்தாக்கி, திரும்பப் பார்ஸ் செய்து ஆப்ஜெக்டாக்குவது பழைய பழக்கம். அதில் தேதி வெறும் எழுத்தாகிவிடும், அன்டிஃபைண்ட் இருந்த புலம் காணாமல் போகும், மேப்பும் செட்டும் காலி ஆப்ஜெக்டாக நிற்கும். பிரவுசரே தரும் நகலெடுக்கும் ஃபங்ஷனான ஸ்ட்ரக்சர்ட்க்ளோன் இவை எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றும். ஆனால் வியூவின் ரியாக்டிவ் ஆப்ஜெக்ட் (மாற்றத்தைக் கவனித்துத் திரையைப் புதுப்பிப்பது) உண்மையில் ஒரு ப்ராக்ஸி, அதாவது அசலைச் சுற்றிய உறை. அதை நேராகக் கொடுத்தால் டேட்டாக்ளோன்எரர் வரும். முதலில் வியூவின் டூரா (toRaw) போட்டு உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு, அதை நகலெடுக்க வேண்டும். ஆப்ஜெக்டுக்குள் ஃபங்ஷன் இருந்தாலும் இதே எரர்தான்.

அடுத்தது தலைப்பில் இருக்கும் சங்காயம். 12 கிலோ ஒரு கூடை, 5 கிலோ ஒரு கூடை; மொத்தம் 125 என்று வந்தால் எண்கள் கூடவில்லை, எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. இன்புட் பெட்டியின் வகையை நம்பர் என்று வைத்தாலும் அதன் வேல்யூ எழுத்தாகத்தான் வரும். வேல்யூஆஸ்நம்பர் எடுத்தால் எண்ணாகவே வரும். கன்சோலில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நுணுக்கம் உண்டு. எடையை மட்டும் தனியாக லாக் போட்டால் மேற்கோள்குறி இல்லாமல் 12 என்று வரும், நிறத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆப்ஜெக்டாகப் போட்டால் மேற்கோள்குறி பளிச்சென்று தெரியும். ஆகவே எதையும் சுருள் அடைப்புக்குள் வைத்து லாக் போடுவது நல்லது. வேரியபிளின் பெயரும் கூடவே வந்துவிடும்.

தேதி இன்னும் நுணுக்கம். கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தடை முடிந்து ஜூன் 15 அதிகாலை 4 மணிக்கு டோக்கன் போட்டால், கன்சோல் டேட் ஆப்ஜெக்டை நம் நேரத்தில் ஜூன் 15 என்றே காட்டும். அதையே உலகப் பொது நேரத்தில் (யூடிசி) எழுதும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் வழியாக மாற்றினால் ஜூன் 14, 22:30. நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால் வரும் வித்தியாசம். முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதியாக வைத்திருந்தால், தடை நாளில் கிளம்பியது என்று ஆப் படகை நிறுத்திவிடும். காலை 5:30க்குப் பிறகு சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாது. இதற்கு வாட்ச் பகுதியில் (நாம் எழுதியதன் மதிப்பைக் காட்டும் இடம்) இரண்டு வடிவங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வேகமான வழி.

வாட்ச் என்றதும் ஓர் எச்சரிக்கை. அங்கே எழுதுவது, பிரேக்பாயிண்டில் (கோட்டை நிறுத்த நாம் குறித்த வரி) ஒவ்வொரு முறை கோடு நிற்கும்போதும் ஓடும். வரிசையின் கடைசி உறுப்பைப் பார்க்கப் பாப் என்று எழுதினால், பார்க்கப் பார்க்க ஒவ்வொரு வரியாகக் கழன்றுபோகும்; அட்(-1) எழுதுங்கள். நிபந்தனை பிரேக்பாயிண்டிலும் அப்படியே. எடை 0 ஆனால் நிற்கட்டும் என்று ஒற்றைச் சமக்குறி போட்டால் கோடு நிற்கவே நிற்காது, எடை மட்டும் 0 ஆகிவிடும். மூன்று சமக்குறி வேண்டும்.

கோடு நின்றிருக்கையில், மேல் ஃபங்ஷனில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் வேரியபிளைக் கன்சோலில் கேட்டால் சில சமயம் ரெஃபரன்ஸ்எரர் என்கிறது. உள் ஃபங்ஷன் எதுவும் அதைப் பயன்படுத்தாததால் குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான வி8, க்ளோஷரில் (உள் ஃபங்ஷனுக்காக வெளி வேரியபிள்களைச் சேமிக்கும் இடம்) அதை வைத்துக்கொள்ளவில்லை. உள்ளே அந்தப் பெயரைத் தற்காலிகமாக ஒருமுறை எழுதிவிட்டால் தெரியும்.

ஆண்ட்ராய்டு ஃபோனில் சோதிக்க, செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி, யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கணினிக் குரோமில் இன்ஸ்பெக்ட் (chrome://inspect) பக்கத்தைத் திறக்க வேண்டும். ஃபோன் பட்டியலில் வரவில்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிள்கள் நிறையப் புழங்குகின்றன. ஏலம் நடக்கும்போது பிரேக்பாயிண்ட் போடவே கூடாது. எழுதுபவரின் திரை அப்படியே உறைந்துவிடும், விலை சொல்பவர் காத்திருக்க மாட்டார். வரி எண்ணில் வலது க்ளிக் செய்து லாக்பாயிண்ட் போடலாம். 2019இல் குரோம் 73உடன் வந்த வசதி. கோட்டைத் தொடாமல், நிறுத்தாமல் மதிப்பு வரும்.

ஒரே ஒரு வேலைக்கு ஃபயர்பாக்ஸ்தான். 'விலை' என்ற புலத்தை எந்தக் கோடு மாற்றுகிறது என்று தெரியாதபோது, ஸ்கோப்பில் (கோடு நின்ற இடத்து வேரியபிள்களின் பட்டியல்) அந்தப் புலத்தின் மேல் வலது க்ளிக் செய்து, மாற்றும்போது நிறுத்து என்று வைக்கலாம். குரோமில் இதற்கு டிஃபைன்ப்ராபர்ட்டி வைத்து ஒரு செட்டர் (புலம் மாறும்போது ஓடும் ஃபங்ஷன்) எழுதி, உள்ளே கோட்டை நிறுத்தும் டீபக்கர் போட வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் குரோம் இதைத் தராதது எரிச்சல்தான்.