அம்மா பட்டனை அழுத்தினார், கேட் திறக்கவில்லை

சிங்கப்பூர் யீஷூனில் எங்களுடையது நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் அம்மா தனியாகத்தான் இருப்பார். வயது 76, முழங்கால் வலி. விழுந்தால் யார் வந்து தூக்குவது என்ற பயத்தில்தான் வீட்டுக்கு அலாரம் போட நினைத்தேன். திருடனுக்காக இல்லை.

நான் கேட்டது மூன்றே விஷயம். அம்மா கழுத்தில் போட்டிருக்கும் பட்டனை அழுத்தினால் சைரன் அடிக்க வேண்டும். அதே நேரம் இரும்பு கேட்டில் உள்ள மேக்னட் லாக் (மின்காந்தப் பூட்டு) திறந்துகொள்ள வேண்டும்; எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) உள்ளே வந்துவிடுவார். இரவில் அம்மா கழிவறைக்கு எழுந்தால் நடைவழியில் ஸ்டிரிப் லைட் தானாக எரிய வேண்டும். ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "நம்ம ஆளு இருக்காரு, குறைச்சுப் போட்டுக் குடுப்பாரு" என்று ஒரு எண் வந்தது. பெயரைப் போட மாட்டேன். ஆனால் அந்த 'நம்ம ஆளு' என்ற சொல்லுக்கு நான் கொடுத்த விலை 1,730 வெள்ளி.

முதல் வேலைக்கு 1,350. அரை நாளில் முடித்தார். இன்வாய்ஸ் கேட்டேன். "அண்ணே, நமக்குள்ள என்ன, வாட்ஸ்அப்ல அனுப்புறேன்" என்றார். ஒரே வரி வந்தது: 'அலாரம் வேலை முழுசா'. என்ன மாடல், எந்த கம்பி எங்கே போகிறது, ஒன்றும் இல்லை. பேநவில், அதாவது போன் வழியே, பணம் அனுப்பினேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், அவர் அலாரம் பெட்டியை (பேனல்) மூடுமுன் உத்தரவாதத்துக்கு ஆகட்டும் என்று உள்ளே சர்க்யூட் பலகையில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்ததுதான். கடைசி நாலு இலக்கம் 4471.

மறுநாளே பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பாட்டரி குறைவு. கூப்பிட்டுக் கேட்டால், "புதுசுல அப்படித்தான் காட்டும்ணே". சரி என்று விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் அம்மா கழிவறை வாசலில் வழுக்கி விழுந்தார். பட்டனை அழுத்தினார். சைரன் அலறியது, மக்சிக் ஓடி வந்தார். கேட் திறக்கவில்லை. மரக்கதவு திறந்துதான் இருந்தது. கம்பி வழியே அம்மா தரையில் கிடப்பது அவருக்குத் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை. கேட்டைத் திறக்கும் கார்டு என்னிடமும் மனைவியிடமும்தான். உட்லண்ட்சில் வேலை பார்க்கும் மனைவி டாக்சி பிடித்து வர 25 நிமிடம். அதுவரை மக்சிக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து அம்மாவிடம் மலாயில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை, முழங்கால் வீங்கியதோடு போயிற்று.

சாயங்காலம் அலாரம் போட்டவர் வந்தார். பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே, "மின்னல்ணே, பேனல் போச்சு" என்றார். சிங்கப்பூரில் மின்னல் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? இங்கே இடி இல்லாத வாரம் ஏது? புது பேனல் 380 வெள்ளி. வேனில் போய் எடுத்து வருவதாகச் சொன்னார், எனக்கு அந்த நேரம் அலுவலக அழைப்பு. முக்கால் மணி நேரத்தில் கேட் வேலை செய்தது. ஸ்டிரிப் லைட்டும் மின்னலில் போய்விட்டதாம், கழற்றிப் போட்டுவிட்டார். கொடுத்தேன்.

பொங்கலுக்கு மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். துவாஸில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீசியன். மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை, பெட்டியைத் திறந்துவிட்டான். இரண்டு நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தவன் கேட்டான்: "அத்தான், இதை யாரு போட்டது? ஆளு கூட்டல் கணக்கே போடலையே."

மூடியின் உட்புறத்தில் அச்சடித்தே இருக்கிறது: அவுட்புட் ஒவ்வொன்றும் 100 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும். அது ரிலேவுக்கோ (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை மூட்டி வெட்டும் சுவிட்ச்) சின்ன விளக்குக்கோ சைகை காட்டும் முனை. பளு இழுக்கும் முனை இல்லை. தம்பி மல்டிமீட்டரை வரிசையில் வைத்து லாக்கை அளந்தான்: 0.49 ஆம்பியர். தாங்குவதைப் போல ஐந்து மடங்கு. அதுவும் மேக்னட் லாக் மின்சாரம் இருக்கும்வரை பிடித்திருக்கும் சாதனம், நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு உள்ளே இருப்பது கம்பிச் சுருள். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு எதிர் அடி கொடுக்கும், 12 வோல்ட்டை விடப் பல மடங்கு. அதை விழுங்க லாக்கின் முனைகளில் குறுக்கே ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) போட வேண்டும். 1என்4007 என்று கேட்டால் கடையில் காசு என்று சொல்லக்கூட வராத விலைக்குக் கிடைக்கும். கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில் வரவேண்டும், மாற்றிப் போட்டால் ஷார்ட். எங்கள் வீட்டில் அந்த டையோடே இல்லை.

அடி வாங்கி வாங்கி, அவுட்புட்டில் சுவிட்ச் வேலை பார்க்கும் டிரான்சிஸ்டர் செத்தது. செத்தால் திறந்துகொள்ளும் என்றுதான் நான் நினைத்தேன். பெரும்பாலும் ஒட்டிக்கொண்டுதான் சாகுமாம். ஒட்டிக்கொண்டால் லாக்குக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் கேட் விடாது. கார்டு தனி வழியில் மின்சாரத்தை வெட்டுவதால் மனைவியால் திறக்க முடிந்தது.

"அப்போ மின்னல்?" என்றேன். தம்பி சிரித்தான். "இந்த ஒண்ணாம் அவுட்புட் கருகியிருக்கு பாருங்க. கம்பியை எடுத்து ரெண்டாம் அவுட்புட்ல மாட்டியிருக்காரு. அவ்வளவுதான் பண்ணது."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போனில் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். பலகையில் 4471. படத்திலும் 4471. முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு கம்பியை இடம் மாற்றிவிட்டு 380 வெள்ளி. அம்மா விழுந்த அன்றைக்கு.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிரிப் லைட் மூன்று மீட்டர், மீட்டருக்கு 4.8 வாட், மொத்தம் 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர். அதைப் பேனலின் பாட்டரி முனையிலேயே நேராகக் கவ்வ வைத்திருந்தார், நடுவில் ஃபியூஸ்கூட இல்லை. கம்பி எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அந்தச் சின்ன பாட்டரியே கம்பியைப் பற்றவைக்கும், ஃபால்ஸ் சீலிங்குக்குள். மஞ்சள் விளக்கு ஏன் எரிந்தது என்பதும் அதிலேயே விளங்கியது. பாட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. அலாரம் மட்டும் 0.1 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி மின்வெட்டில் ஏறத்தாழ மூன்று நாள் தாங்கும். லாக்கையும் அதன் தலையில் கட்டினால் அரை நாள்கூட இல்லை. தீர்ந்ததும் அலாரமும் சாகும், கேட்டும் திறந்துகொள்ளும், இரண்டும் ஒரே நேரத்தில். இதைத்தான் பாதுகாப்பு என்று விற்றார். 'மின்னலில் போன' ஸ்டிரிப்பை ஒரு அடாப்டரில் மாட்டினோம். பளிச்சென்று எரிந்தது.

சனிக்கிழமை சிம் லிம் டவர் போனோம் (சிம் லிம் ஸ்குவேர் இல்லை, ஜாலான் பசாரில் உதிரி பாகங்கள் விற்கும் டவர்). லாக்குக்குத் தனியாக 12 வோல்ட் 3 ஆம்பியர் பவர் சப்ளை, அதற்கென்று பாட்டரி, ஒரு ரிலே, டையோடு, ஃபியூஸ், ஸ்டிரிப்புக்கு அடாப்டர். இப்போது பேனல் ரிலேவின் சுருளை மட்டும் தட்டுகிறது, நாற்பது மில்லி ஆம்பியர்கூட இல்லை. லாக்கின் மின்சாரம் ரிலேவின் முனைகள் வழியாகப் போகிறது, பேனலைத் தொடுவதில்லை. 12 மீட்டர் தூரத்துக்கு அவர் இழுத்திருந்த மெல்லிய அலாரம் கம்பியில் மட்டும் ஒரு வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. அதையும் தடிமனாக மாற்றினான். 230 வோல்ட் பக்கத்தை நாங்கள் தொடவில்லை. சீலிங்குக்குள் டேப் சுற்றி அவர் விட்டிருந்த இணைப்பைச் சரிசெய்ய உரிமம் உள்ள மின்பணியாளரைத்தான் கூப்பிட்டோம்.

இரண்டு வரிசை எண் படங்களையும் அவருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பேநவில் 200 வெள்ளி வந்தது, கூடவே "அண்ணே, பெருசு பண்ணாதீங்க" என்று ஒரு செய்தி. நீல டிக் போட்டுவிட்டுச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்துவிட்டேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே எடுத்துக்கொள்வார்கள், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது. ஒரே வரி இன்வாய்ஸைப் பார்த்து அவர்கள் என்ன சொல்வார்களோ. என் கையில் படங்கள், பேநவ் பதிவு, கருகிய பலகை மூன்றும் இருக்கின்றன.

வடக்குப் பக்கம் இதே மாதிரி 'நம்ம ஆளு' யாரிடமாவது போட்டவர்கள் பெட்டி மூடியின் உட்புறத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். லாக் கம்பி நேராக அவுட்புட் முனையில் முடிகிறதா, நடுவில் ரிலே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த புதன்கிழமை என்னை நடுவர் மன்றத்தில் ஆலோசனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று பலகையைக் கழற்றிக் கொண்டுபோக ஒரு பிஸ்கட் டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.