மச்சினன் ஆசைப்பட்ட சோஹோ லாஃப்ட்: முப்பது லட்சம் டாலருக்குத் தேறுமா?

"நாளைக்கு ஒரு லாஃப்ட் பார்க்கப் போறோம்மா" என்று போனில் சொன்னதும், "அதுல போய் என்னடா பார்க்கறது, எத்தனை அண்டா வைக்கலாம்னா?" என்று கேட்டார் அம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் பரண்தான். கொலுப்படிப் பலகை, பழைய வெண்கலப் பானை, பத்து வருடமாக யாரும் திறக்காத டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். நியூயார்க்கில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள், வேறு விலை. ஒரு காலத்தில் துணிக்கிடங்காகவோ தையல் ஆலையாகவோ இருந்த கட்டடத்தில் ஒரு மாடி முழுவதும், தடுப்புச் சுவரே இல்லாமல், ஒரே வீடு.

வாங்க நினைத்தது நானல்ல, என் மச்சினன். நல்ல சம்பளம், கம்பெனி பங்கு விற்ற பணம் கையில் கொஞ்சம், ஜெர்சி சிட்டியில் வாடகை கட்டி அலுத்துப்போய்விட்டது. நான் இங்கே வீடு புதுப்பிக்கும் வேலையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன் என்பதால் "மாமா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். ஞாயிறு மதியம் ஓபன் ஹவுஸ், யார் வேண்டுமானாலும் வந்து வீட்டைப் பார்க்கலாம். கட்டடத்தின் எண்ணையும் தரகரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. மன்ஹாட்டனில் சோஹோ வட்டாரம், அதாவது ஹவ்ஸ்டன் தெருவுக்குத் தெற்கே (டெக்ஸஸ் ஊரை ஹூஸ்டன் என்போம், இந்தத் தெரு ஹவ்ஸ்டன், மாற்றிச் சொன்னால் டாக்ஸிக்காரரே திருத்துவார்) கருங்கல் பாவிய ஒரு தெருவில் ஐந்து மாடிக் கட்டடம், அதில் மூன்றாவது மாடி. ஏறக்குறைய 2,200 சதுர அடி. நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கேட்கும் விலை 29.95 லட்சம் டாலர், அதாவது பாட்டா செருப்பு விலை. இந்த ஐயாயிரம் குறைப்பு வெறும் கண்கட்டு அல்ல, இங்கே பத்து லட்சம் டாலரும் அதற்கு மேலும் போகும் வீடுகளுக்கு வாங்குபவர் கட்ட வேண்டிய மாளிகை வரி ஒன்று உண்டு. இருபது லட்சத்திலிருந்து முப்பதுக்குக் கீழே வரை 1.25 சதவீதம், முப்பதைத் தொட்டால் மொத்தத்துக்கும் 1.5.

சரி, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்டுக்குள் சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் மூன்றாவது மாடிக்குப் போகும், கதவு திறந்தால் நடைபாதை ஏதும் கிடையாது, நேரே வீட்டுக்கூடம். 13 அடி உயரத்தில் கூரை. தெருப்பக்கம் மூன்று ஜன்னல், ஒவ்வொன்றும் என்னைவிட மூன்றடி உயரம். வார்ப்பிரும்பு முகப்பு என்பதால்தான் இது சாத்தியம். செங்கல் சுவர் என்றால் பாரம் தாங்குவதற்குச் சுவர் தடித்து ஜன்னல் சுருங்கும், இரும்பில் மெல்லிய தூண்களே தாங்கிவிடும், மிச்சமெல்லாம் கண்ணாடி. மின்விளக்கு வருவதற்கு முன்னால் கட்டியவை, தையல்காரருக்கும் கணக்கருக்கும் பகல் வெளிச்சம் தேவைப்பட்டது, அந்த வெளிச்சத்துக்குத்தான் இன்று விலை. மச்சினன் வாசலிலேயே நின்றுவிட்டான். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் மனதுக்குள் சோபா போட்டுவிட்டான்.

இந்த இடத்தின் பழைய விலை தெரிந்தால் வயிறு எரியும். ஆலைகள் காலியானபின் கலைஞர்கள்தான் இங்கே திருட்டுத்தனமாகக் குடியேறினார்கள், தண்ணீரும் வெந்நீரும் தாங்களே குழாய் போட்டு இழுத்துக்கொண்டார்கள். டொனால்ட் ஜட் என்ற சிற்பி 1968இல் ஸ்பிரிங் தெரு 101ஆம் எண் ஐந்து மாடிக் கட்டடத்தை, ஒரு மாடியை அல்ல, முழுக் கட்டடத்தையும் 68,000 டாலருக்கு வாங்கினார். இன்று அது அவர் பெயரில் அருங்காட்சியகம். நாங்கள் பார்த்த வீட்டில் சதுர அடி சுமார் 1,360 டாலர் விழுகிறது, அந்தக் கணக்கில் 68,000க்கு ஐம்பது சதுர அடி கிடைக்கும். ஒரு குளியலறை. பாத்டப் வைத்தால் வாளி வைக்க இடமிருக்காது.

இனி நான் பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்த கதை. எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் ஒன்று கொண்டுபோவேன். தரையில் வைத்தேன், ஒரு நொடி யோசித்துவிட்டு நடுத்தூண் பக்கம் மெதுவாக உருள ஆரம்பித்து வேகம் பிடித்துத் தூணில் 'டக்' என்று மோதியது. தரகருக்கு முகம் மாறியது. இது அபாயம் என்று சொல்ல மாட்டேன், வெளியே இரும்பு முகப்பு இருந்தாலும் உள்ளே தளத்தைத் தாங்குவது பெரும்பாலும் மர உத்தரம்தான், நூற்றைம்பது வருடத்தில் மரம் வற்றி நடு இறங்கும். ஆனால் தரையை மட்டப்படுத்தாமல் அதன்மேல் புது மரத்தரையோ சமையலறை அலமாரியோ போட முடியாது. அது தனிச் செலவு.

விளம்பரத்தில் 'எல்லையற்ற சாத்தியங்கள்' என்று போட்டிருந்தார்கள். தரகரும் "மூணு பெட்ரூம் தாராளமா வரும்" என்று கையை விரித்துக் காட்டினார். எங்கே வரும்? வீட்டின் வடிவத்தைப் பாருங்கள்: அகலம் உள்ளளவு 23 அடி, நீளம் 90 அடிக்கு மேல். ரயில் பெட்டி மாதிரி. இரண்டு பக்கமும் அடுத்த கட்டடத்தோடு ஒட்டிய சுவர், ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான். இந்த ஊர்ச் சட்டப்படி ஜன்னல் இல்லாத அறையைப் படுக்கையறை என்று சொல்லக்கூடாது. அந்த ஜன்னலும் தெருவையோ முற்றத்தையோ பார்த்திருக்க வேண்டும். முன்பக்கத்தை ஹாலுக்கு வைத்துக்கொண்டால் பின்பக்கம் 23 அடியை இரண்டாகப் பிரிக்கலாம், ஆளுக்குப் பதினோரு அடி. அதோடு முடிந்தது. மூன்றாவது அறை நடுவில் இருட்டில்தான் வரும். அதை 'ஹோம் ஆபீஸ்' என்று எழுதி விற்பார்கள், அதில் மாமியார் படுப்பார்.

மேலே பரண் மாதிரித் தளம் போட்டு ஒரு படுக்கை வைக்கலாமே என்று மச்சினன் கேட்டான் (அம்மா சொன்ன லாஃப்ட் கடைசியில் வந்தேவிட்டது). போடலாம், ஆனால் முழுநீளத்துக்குப் போட விடமாட்டார்கள், அறையின் பரப்பில் ஒரு பங்குதான். கீழேயும் மேலேயும் ஆள் நிமிர்ந்து நிற்க இடம் விட வேண்டும், 13 அடியில் தளத்தின் கனம் போக மிஞ்சுவது ஆளுக்கு ஆறடி சொச்சம். கிட்டத்தட்ட வருகிறது, வரவில்லை. சாமான் வைக்கலாம்.

அடுத்தது குழாய். சமையலறையும் இரண்டு குளியலறையும் நடுவில் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கழிவுக்குழாய் அங்கேதான் மேலிருந்து கீழே போகிறது. மச்சினனின் மனைவிக்குச் சமையலறை முன்பக்க வெளிச்சத்தில் வேண்டும். ஆசைதான், ஆனால் கழிவுநீர் ஓட ஒரு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். 40 அடி தள்ளிப் போனால் பத்து அங்குலம். அத்தனையையும் தரைக்குக் கீழே மறைக்க முடியாது, கீழே வேறொருவரின் கூரை. ஆக வீட்டுக்குள் திண்ணை மாதிரி ஒரு மேடை கட்ட வேண்டும். அதற்கும் மேலே, கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேல் உங்கள் தண்ணீர்க்குழாய் வருவதற்கு இங்கே பெரும்பாலான கட்டடக் குழுக்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அடுப்புக்கு மேலே பளபளவென்று ஒரு புகைபோக்கி. திறந்து பார்த்தேன், வெளியே போகும் குழாயே இல்லை. புகையை இழுத்து வடிகட்டி மறுபடி நம் முகத்திலேயே ஊதும் ரகம். பாஸ்தா வேகவைக்கிறவர்களுக்கு அது போதும். நம் வீட்டில் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் எண்ணெயில் விழுந்தால், கதவில்லாத 2,200 சதுர அடியில், 90 அடிக்கு அப்பால் தூங்கும் குழந்தை தும்மும். மீன் குழம்பு வைத்தால் மூன்று நாள் சோபா மணக்கும். வெளியே குழாய் விடலாம் என்றால் அந்த வட்டாரமே 1973 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி, ஜன்னல் சட்டத்தை மாற்றுவதற்கே பாரம்பரியச் சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். பின்பக்கச் சுவரில் கேட்டால் கிடைக்கலாம், மாதக்கணக்கில் ஆகும்.

இதெல்லாம் பணம் போட்டால் ஏதோ ஒரு வகையில் தீரும். எனக்குப் பிடிக்காதது காகிதம். சோஹோவில் பல கட்டடங்கள் இன்னும் சட்டப்படி சாதாரணக் குடியிருப்பு அல்ல. 1971இல் நகரம் இங்கே குடியிருக்க அனுமதித்தது கலைஞர்களுக்கு மட்டும், அதுவும் நகரப் பண்பாட்டுத் துறையிடம் 'இவர் கலைஞர்' என்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு. அந்த விதி பெயரளவில் இருந்துகொண்டே வங்கிக்காரர்களும் வக்கீல்களும் பக்கத்து வீடுகளில் வாழ்கிறார்கள், யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆனால் வாங்கும்போது 'இந்த விதி எனக்குத் தெரியும், பின்னால் பிரச்சினை வந்தால் கட்டடத்தின் மேல் பழி போட மாட்டேன்' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதற்குச் சோஹோ கடிதம் என்றே பெயர். தரகர் இதை "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். மச்சினன் என்னிடம் மெதுவாக, "மாமா, நான் அஞ்சு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டேனே, செல்லாதா?" என்றான். அக்கா கல்யாணத்தில் நீ வாசித்ததைக் கேட்டவன் நான் மாப்ள, செல்லாது.

2021 டிசம்பரில் நகர மன்றம் விதியைத் தளர்த்தியது, கலைஞர் வீட்டைச் சாதாரண வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்று. சும்மா இல்லை, சதுர அடிக்கு 100 டாலர் கலை நிதிக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதன்மேல் வழக்கும் போனது, 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தக் கட்டணம் செல்லாது என்றது. கட்டியே ஆக வேண்டி வந்தால், எங்கள் கணக்குக்கு 2,200 சதுர அடி என்றால் 2.2 லட்சம் டாலர். பாக்கியை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு, பாக்கியே இல்லாத வீட்டின் விலையைக் கேட்கிறார் விற்பவர். விலையில் இந்த 2.2 லட்சத்தைக் கழித்தாரா என்று தரகரிடம் கேட்டேன். சிரித்தார்.

கூட்டுறவுக் கட்டடம் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டை வாங்குவதில்லை, கட்டடத்தை வைத்திருக்கும் கம்பெனியில் பங்கு வாங்குகிறோம், அதோடு குடியிருக்கும் உரிமை. கடன் பத்திரத்துக்கான பதிவு வரி இதனால் மிச்சம், அது இங்கே சிறிய தொகை இல்லை. பதிலுக்குக் குடியிருப்போர் குழு நம்மை நேர்காணல் செய்யும், பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலேயே மறுக்கலாம். பெண் பார்க்கப் போனால்கூட காபி தருவார்கள்.

மாதப் பராமரிப்பு 3,900 டாலர், சொத்து வரி அதில் அடக்கம். பரவாயில்லையே என்று நானும் நினைத்தேன். வெளியே வந்து தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கட்டடத்தைப் பார்த்தபோதுதான் கீழ்த்தளத்துக் கடை கண்ணில் பட்டது: கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து பழுப்புத் தாள். இந்தச் சிறு கட்டடங்களில் மேலே நாலைந்து வீடுதான், கீழ்க்கடை வாடகைதான் கட்டடச் செலவில் ஒரு நல்ல பங்கைச் சுமக்கும். கடை காலி என்றால் அந்தப் பாரம் அந்த நாலைந்து வீட்டின் தலையில் இறங்கும். கட்டடத்தின் கடைசி இரண்டு வருடக் கணக்கைக் கேட்டு மின்னஞ்சல் போட்டோம். பத்து நாள் கழித்து ஒரு வருடத்துக்கு மட்டும் வந்தது, கடை நிரம்பியிருந்த வருடம்.

ஐந்தே மாடி என்பதால் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குள்ள முகப்புச் சோதனைத் தொல்லை இல்லை, அது ஒரு நல்ல விஷயம். இரவில் கருங்கல் தெருவில் சரக்கு வண்டி போகும் கடகடப்பைப் பற்றி எழுதினால் நீளும்.

பேப்பர் நாப்கினில் நான் போட்டுக்கொடுத்த கணக்கு: விலை 29.95 லட்சம், மாளிகை வரி சுமார் 37,000, தரை மட்டம், குழாய், மின்சாரம், சமையலறை, இரண்டு அறை எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 300 என்று கஞ்சத்தனமாகவே போட்டாலும் 6.6 லட்சம், கலைஞர் விதியிலிருந்து வெளியே வரக் கட்ட வேண்டி வந்தால் 2.2 லட்சம். ஆக 39 லட்சத்தைத் தாண்டுகிறது, சதுர அடி 1,780 பக்கம். அந்த விலைக்கு எல்லாம் முடிந்து, காகிதம் சுத்தமாக உள்ள வீட்டைப் பார்க்கலாம். 24 லட்சத்துக்குக் கொடுத்தால் நானே அவனை வாங்கச் சொல்வேன், அந்த ஜன்னல் வெளிச்சத்துக்கும் உயரத்துக்கும் அது தகும். அதற்கு மேல் தருவது, நாம் கட்டப்போகும் வீட்டுக்கு நாமே இரண்டு தடவை பணம் கொடுப்பது மாதிரி.

மச்சினன் 24.5க்குக் கேட்டுப் பார்த்தான், பதிலே வரவில்லை. போன வாரம் நடுராத்திரி விளம்பர இணைப்பு ஒன்றை அனுப்பி "மாமா?" என்று மட்டும் எழுதியிருந்தான். விலை 28.5 ஆகியிருந்தது. கீழே கடைக்கு ஆள் வந்தாச்சான்னு நேர்ல போய்ப் பாரு மாப்ள என்று பதில் போட்டேன். ஞாயிறு காலை படம் எடுத்து அனுப்பினான். பழுப்புத் தாள் அப்படியே இருந்தது, ஒரு மூலை மட்டும் பிய்ந்து தொங்கியது.