ரெண்டு நெட் லைனைச் சேர்த்துத் தருகிறேன் என்று வந்தால் உஷார்: 14,800 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன். சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு நெட்வொர்க் வேலை கொடுக்க நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அம்மாப்பேட்டையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். நாலு சிஸ்டம். ஃபைபர் அறுந்தால் அன்றைக்குப் பிழைப்பே இல்லை என்பதால் வேறொரு கம்பெனியிலும் ஒரு லைன் வாங்கினேன். ஒன்று போனால் மற்றது தானாக வேலை செய்ய வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. முதலாளியே நேரில் வந்தார். "அண்ணா, மெயின் சிஸ்டத்துல ரெண்டு போர்ட் இருக்கிற சர்வர் நெட்வொர்க் கார்டு போட்டுடலாம். ரெண்டு லைனும் சேர்ந்து ஓடும், ஸ்பீடு டபுள். ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும். மதர்போர்டுல இருக்கிற பழைய போர்ட்ல இருந்து மத்த மூணு சிஸ்டத்துக்கும் குடுத்துடலாம்" என்றார். வந்த அன்று கையோடு ப்ளோயர் வைத்து நாலு சிபியுவிலும் தூசி ஊதிக் கொடுத்தார். யுபிஎஸ் வயரையும் மாட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். யாருக்குத்தான் நம்பத் தோன்றாது?

கார்டைச் செருகியதும் ஸ்டேட்டஸ் விண்டோவைத் திறந்து காட்டினார். 1.0 ஜிபிபிஎஸ் என்று இருந்தது. "நூறு எம்பி லைன்ல ஆயிரம் காட்டுது பாருங்கண்ணா." அந்த இடத்திலேயே ஜிபேயில் 14,800 அனுப்பிவிட்டேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி நம்பர் கிடையாது.

அந்த ஆயிரம், கார்டுக்கும் மோடத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டடி கேபிளின் வேகம். இணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக் குழாய் எத்தனை இன்ச் என்று காட்டி மேட்டூர் தண்ணிக்குக் காசு வாங்கின மாதிரி வாங்கியிருக்கிறார்.

டிஎன்பிஎஸ்சி கடைசி நாள். கடை நிறையப் பிள்ளைகள். கம்பத்தில் எங்கேயோ ஃபைபர் அறுந்து மோடத்தில் சிவப்பு லைட் எரிகிறது. இரண்டாவது லைன் நன்றாக இருக்கிறது, ஆனால் நாலு சிஸ்டத்திலும் நெட் இல்லை. போன் ஹாட்ஸ்பாட் போட்டு முடிந்தவரை அனுப்பினேன். மீதிப் பேர் வேறு கடைக்கு ஓடினார்கள்.

அன்றே கூப்பிட்டால், "ஏற்காட்டுல எஸ்டேட் ஒண்ணுல கேமரா வேலைண்ணா, சிக்னல் இல்ல." அப்புறம் "லைன்காரங்க பிரச்சனை, அவங்களைக் கேளுங்க." அதற்கும் அப்புறம் விண்டோஸ் அப்டேட். நேரில் போனால் கவுன்டர் பையன், "ஓனர் வந்தா சொல்றேன்." கடைசியில் பேசியபோது, வருஷ காண்ட்ராக்ட் போட்டால் வந்து பார்ப்பாராம்! வாங்கின 14,800 எதற்கு?

ஓமலூர் பக்கம் காலேஜ் லேப் பார்க்கும் என் மச்சான் வந்து திறந்து பார்த்தான். இரண்டு மோடத்துக்கும் ஒரே ஐபி முகவரி, 192.168.1.1. ஒரே வரிசை ஐபியில் இரண்டு போர்ட், இரண்டிலும் டீஃபால்ட் கேட்வே, அதாவது நெட்டுக்கு வெளியே போகும் வாசல். விண்டோஸ் இரண்டையும் கூட்டிச் சேர்க்காது. மெட்ரிக் என்ற முன்னுரிமை எண் குறைவாக இருக்கும் வழியில்தான் அனுப்பும். வெளியே ஃபைபர் அறுந்தாலும் மோடம் உயிரோடு இருப்பதால் விண்டோஸுக்கு எதுவும் தெரியாது, அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். மற்ற மூன்று சிஸ்டத்துக்கும் கனெக்‌ஷன் ஷேரிங் போட்டு வைத்திருக்கிறார். அது ஒரு லைனைத்தான் பகிரும். இரண்டாவது கேட்வேயை மச்சான் மறுபடி அடித்துக் காட்டினான். இப்படிப் போட்டால் சரியாக வேலை செய்யாது என்று விண்டோஸே எச்சரிக்கைப் பெட்டி காட்டுகிறது. அந்த ஆள் அதைப் பார்த்துக்கொண்டே யெஸ் அமுக்கியிருக்கிறார்.

கார்டைக் கழற்றினால், சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் இடுக்கில் அடை அடையாகத் தூசி. ஓரத்தில் யாரோ ஒட்டிய ஸ்டாக் நம்பர் ஸ்டிக்கரைப் பாதி சுரண்டியிருக்கிறது. பழைய சர்வரில் இருந்து பிடுங்கியதைப் புதுசு என்று தலையில் கட்டியிருக்கிறார்.

இதற்கு வேண்டியது டூயல் வேன் ரூட்டர், அதாவது இரண்டு நெட் லைனையும் செருகும் ரூட்டர். இணையம் வருகிறதா என்று அதுவே சோதித்து லைனை மாற்றும். அதுவும்கூட ஒரே டவுன்லோடுக்கு இரண்டு லைன் வேகத்தையும் கூட்டித் தராது. மச்சான் வாங்கி வந்தது 14,800-இல் பாதிகூட ஆகவில்லை.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கடையில் ஆள் நிற்கிறது. ஜிஎஸ்டி நம்பரோடு பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். முதல் லைனின் ஃபைபரைக் கழற்றச் சொல்லி, இரண்டாவதில் நெட் வந்த பிறகு கொடுங்கள். கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கேபிள் கழன்றது விண்டோஸுக்கே தெரியும் என்பதால் லைன் மாறிவிடும். கார்டு டப்பாவை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன், ஜிபே ரசீதும் துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. 14,800-ஐ விடுவதாக இல்லை.