தனிப் பாடவேளையா, எல்லாப் பாடங்களிலுமா?

பன்மையை மதிக்கவும் கூடி வாழவும் குழந்தைகளுக்குக் கற்பிக்க, வாரம் ஒரு தனிப் பாடவேளை ஒதுக்கலாம். அல்லது எல்லாப் பாடங்களிலும் அதைக் கலந்து கற்பிக்கலாம். தனிப் பாடவேளையில் பாகுபாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேச நேரம் கிடைக்கிறது. ஆனால் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவதும் அதுவே. கலந்து கற்பிப்பதையே நான் மேலானதாகக் கருதுகிறேன். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனக் குழந்தைகள் புதிதாக ஒன்றுசேர்ந்த வகுப்பறைகளில் நிலவிய பகைமையைத் தணிக்க, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவின் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பகுதியை அளிக்கும் முறையை வகுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்டால்தான் பாடம் முழுமையாகும் என்பதால், அதுவரை ஒதுக்கப்பட்ட குழந்தையும் அங்கே இன்றியமையாதவராக ஆனார். இதற்கு ஆசிரியர் பயிற்சி தேவை. அது இல்லாத பள்ளி தனிப் பாடவேளையிலிருந்து தொடங்கலாம்.