கொதிகலனுக்குச் சாஃப்ட்னர் நீரா, ஆர்.ஓ. நீரா?

திருப்பூர் வட்டாரத்துச் சாயப்பட்டறைகளில் உள்ளதைப் போன்ற, பத்து பார் அழுத்தத்தில் மணிக்கு மூன்று டன் நீராவி தரும் கொதிகலனுக்குச் சாஃப்ட்னர் (நீரை மென்மையாக்கும் கருவி) போதுமா, ஆர்.ஓ. (கரைந்த உப்பைச் சவ்வால் பிரிக்கும் கருவி) வேண்டுமா என்ற கேள்வியைப் பலர் இயந்திரத்தின் விலையோடு முடித்துவிடுகிறார்கள். விறகுக் கணக்கையும் சேர்த்தால் விடை மாறக்கூடும்.

சாஃப்ட்னர் நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. ஆகவே குழாய்களில் சுண்ணாம்புப் படிவு ஏறாது. ஆனால் கரைந்த உப்பின் மொத்த அளவு (டிடிஎஸ்) குறைவதில்லை. இவ்வகைக் கொதிகலனுக்குள் டிடிஎஸ் 3500 பி.பி.எம்.மைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து மாறிய நீர்) திரும்பி வராத ஆலையில் ஊட்டுநீரின் டிடிஎஸ் 500 என்று கொண்டால், நீராவியில் ஆறில் ஒரு பங்குக்கு நிகரான நீரை, அதாவது மணிக்கு 500 கிலோவை, ப்ளோடவுனில் (உப்பு மிகாதிருக்கக் கொதிகலன் நீரைத் திறந்துவிடுவதில்) வெளியேற்றியாக வேண்டும். அது 184 டிகிரி வரை சூடேறிய நீர் என்பதால், மணிக்கு ஏறத்தாழ 35 கிலோ விறகு வீணாக எரிகிறது. ஆர்.ஓ. நீரின் டிடிஎஸ் 25 என்றால் ப்ளோடவுன் 22 கிலோவோடு நின்றுவிடும்.

கண்ணில் படாத இழப்பும் உண்டு. சாஃப்ட்னர் நீரிலுள்ள சோடியம் பைகார்பனேட் கொதிகலனுக்குள் சிதைந்து, அதிலிருந்து பிரியும் கரியமில வாயு நீராவியோடு பயணித்து, கண்டன்சேட்டில் கரைந்து அமிலமாகிக் குழாயை அரிக்கிறது.

ஆர்.ஓ.வும் குறையற்றதன்று. உள்ளே செல்லும் நீரில் கால் பங்கோ அதற்கு மேலோ கழிவாகப் போகிறது. கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற விதிக்கு உட்பட்ட சாயப்பட்டறைக்கு அதுவும் ஒரு சுமைதான், சாஃப்ட்னர் கழுவிய உப்புநீரும் அப்படியே. வாயுக்களைச் சவ்வு தடுக்காததால் ஆர்.ஓ. நீர் சற்று அமிலத்தன்மையோடே வரும். காரம் சேர்க்காமல் ஊட்டினால் தொட்டியும் குழாயும் துருவேறும். கரைந்த ஆக்சிஜனை இரண்டுமே நீக்காது. துருவேற்றும் அதை அகற்ற, ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு எட்டுப் பங்கு சோடியம் சல்பைட் எந்த வழியிலும் தேவை.

என் கணிப்பில், கிணற்று நீரின் டிடிஎஸ் 200க்குள் இருந்து கண்டன்சேட்டும் பெரும்பகுதி திரும்பினால் சாஃப்ட்னரே போதும். டிடிஎஸ் 500ஐத் தாண்டும் இடத்தில் விறகுச் செலவே ஆர்.ஓ.வின் விலையை ஈடுகட்டிவிடும். எதை வைத்தாலும் ஷிஃப்டுக்கு ஒருமுறை ஊட்டுநீரின் கடினத்தன்மையை, அதாவது கால்சியமோ மக்னீசியமோ மிஞ்சியிருக்கிறதா என்பதை, சோதிக்க வேண்டும்: சோதனைச் சொட்டு விட்டதும் நீலமாக நிற்க வேண்டிய நீர் சிவந்தால், அந்த நீர் ஊட்டுநீர்த் தொட்டிக்குள் போவதை அப்போதே நிறுத்த வேண்டும்; ஆனால் எரியும் கொதிகலனில் நீர்மட்டம் குறைய விடக் கூடாது.